கிளட்ச் ஸ்லிப்: வழுக்கலா, நழுவலா?

வணக்கம். பழைய கார் வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, கருகல் வாடை அடிக்கிறது. இந்தக் கிளட்ச் ஸ்லிப்புக்கு என்ன சொல்? ‘உரசிணைப்பி வழுக்கல்’ என்று எழுதி வைத்தேன். எனக்கே வாயில் நுழையவில்லை.
— மொழிபெயர்ப்பவன்

கிளட்சுக்குத்தான் ‘விடுபற்றி’ இருக்கிறதே! விடுவதும் பற்றுவதும்தானே அதன் வேலை. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று தொடங்கிப் ‘பற்று விடற்கு’ என்று முடிக்கிறார் வள்ளுவர் (350). ஸ்லிப்புக்கு ‘இழுக்கல்’ போதும். ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ (415). வழுக்கு நிலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். வழுக்கு, இழுக்கு, ஒழுக்கு மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

ஐயா, ‘உங்க வண்டியில இழுக்கல்’ என்று சொன்னால், வண்டி இழுக்கவில்லை என்றுதான் வருகிறவர் நினைப்பார். அதுவும் பாதி சரிதான். ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்தாலும் வண்டி இழுக்காதே!

பட்டறையில் இப்படிப் பார்ப்போம். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் ஸ்லிப். கேபிள் வண்டியானால் முதலில் பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது மிதித்ததும் சும்மா இறங்கும் கொஞ்ச தூரம், இருக்கிறதா என்று பார்ப்போம். கேபிள் இறுகிப்போயிருந்தால் தளர்த்தினாலே சரியாகலாம். இல்லையென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுவோம். பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் அது எந்த சீலிலிருந்து கசிகிறது என்று பார்த்து அதையும் மாற்றணும். விட்டால் புதுப் பிளேட்டும் பாழ். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கிளட்சில் கால் வைத்தபடியே ஏறுகிறவர்கள்தான் எங்களுக்குப் படியளக்கிறார்கள்.
— பட்டறைக்காரன், நாமக்கல்

எண்ணெய் கொட்டிய தரை வழுக்கும். மழையில் டயர் சறுக்கும். கையில் பிடித்த கயிறு நழுவும். இங்கே பிடித்திருக்கும்போதே அல்லவா பிடி போகிறது? ஆகவே ‘நழுவல்’தான். இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: பெடலை முழுக்க மிதித்தும் பிளேட் விடாது, கியர் கரகரவென்று அடம்பிடிக்கும். அதற்கு ‘விடாப்பிடி’ என்று என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பையன்கள் சிரித்தார்கள், ஆனால் தேர்வில் ஒருவனும் மாற்றி எழுதவில்லை.
— தொழிற்பயிற்சி ஆசிரியை

விடாப்பிடி அருமை! விடுபற்றிக்கு வருகிறேன். வினைத்தொகை என்று கொண்டால் ‘விட்ட, விடுகின்ற, விடும் பற்றி’ என்று விரியும். எப்போதும் விட்டுக்கொண்டே இருக்கும் பற்றி! அதாவது பெயரிலேயே ஸ்லிப் வந்துவிட்டது, தனியாக நழுவல் எதற்கு? அப்புறம், ‘விடுபற்றி பற்றி’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.
— இலக்கண மாணவன்

தம்பி, அது உம்மைத்தொகை: விடுதலும் பற்றலும். கேலி வேண்டாம்.
— தமிழாசிரியன்

உம்மைத்தொகை என்றால் கடைசியில் ‘இ’ எப்படி வந்தது ஐயா?
— இலக்கண மாணவன்

எல்லோருக்கும் நன்றி. நாளை வியாழன். ‘கிளட்ச் நழுவல்’ என்றே அனுப்புகிறேன், ‘விடாப்பிடி’யும் சேர்த்து. படிக்கிறவர் கையேட்டோடு பட்டறைக்குத்தானே போகப் போகிறார்? அங்கே கிளட்ச் என்றால்தான் சாமான் எடுப்பார்கள்.
— மொழிபெயர்ப்பவன்

நழுவலுக்கு ஒப்பு. கிளட்சுக்கு ஒப்பில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். ஒழுக்கு, இழுக்கு பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று.
— தமிழாசிரியன்