புதுப்பிப்பு: அம்பாசடர் வைப்பர் இப்போது ஓடுகிறது

அப்பாவின் பழைய அம்பாசடரில் வைப்பர் ஊர்ந்து ஊர்ந்து போய், ஸ்விட்சை அணைத்தால் கண்ணாடி நடுவிலேயே நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். மோட்டாரையே மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். தேவைப்படவில்லை.

பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தும் மெதுவாகவே சுற்றியது, அதனால் வயரிங்கை விட்டுவிட்டு மோட்டாரைக் கழற்றினேன். கியர் பெட்டியில் கிரீஸ் பழைய மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகி, அந்தத் தூளெல்லாம் அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் பள்ளங்களில் அடைத்திருந்தது. பள்ளங்களை ஊசியால் சுரண்டி, செம்பை நைசான கண்ணாடித்தாளால் (கண்ணாடித் தூள் ஒட்டிய உப்புத்தாள்) தேய்த்தேன். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும். அதே அளவு பிரஷ் கிடைக்கவில்லை, புதுப்பேட்டையில் கொஞ்சம் பெரியதாக வாங்கி உரசிச் சிறிதாக்கினோம்.

நடுவில் நின்றதற்குக் காரணம் வேறு. ஸ்விட்சை அணைத்த பிறகும் பிளேடு கீழே வரும்வரை மின்சாரம் கொடுக்கும் பார்க்கிங் காண்டாக்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. துடைத்ததும் சரி.

ஐப்பசி மழைக்கு முன் பிளேடு ரப்பரையும் மாற்ற வேண்டும். சோதிப்பவர்கள் கண்ணாடியை நனைத்துவிட்டு ஓட்டுங்கள், காய்ந்த கண்ணாடியில் மோட்டார் திணறும்.