ஆதாரம் கேட்டால் அடகு ரசீதை எடுத்து வைக்கிறார்கள்: சிபிடி செய்பவர்கள் எழுதுங்கள்

கெடிலக்கரை

மனச்சோர்வுக்கு சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) செய்யும்போது வரும் சிக்கல் இது. எண்ணப் பதிவேடு, அதாவது மனதில் வந்த எண்ணம், அதை எத்தனை சதவீதம் நம்புகிறார், ஆதாரம், எதிர் ஆதாரம் என்று எழுதும் தாள், இங்கே எல்லோருக்கும் தெரியும், அதிகம் விளக்கவில்லை. ஐந்தாம் செஷன். கடலூர் முதுநகரில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் அம்மா, வியாபாரத்தை விட்டு இரண்டு மாதமாகப் படுத்தே கிடப்பவர். எழுதிய எண்ணம்: ‘என்னாலதான் இந்தக் குடும்பமே அழிஞ்சிச்சு.’ நம்பிக்கை 95. ‘இதுக்கு என்னம்மா ஆதாரம்?’ என்றதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த நகை அடகு ரசீதை மேசையில் வைத்து நீவிவிட்டார். ‘இதுதான் சார். ஏலத் தேதியே போட்டிருக்கு பாருங்க.’

பயிற்சியில் சொல்லித்தரும் எந்த எதிர் ஆதாரமும் அந்தக் காகிதத்தின் முன் நிற்காது. ஏனென்றால் அந்த ஒரு வரியில் இரண்டு சங்கதி ஒட்டிக்கிடக்கிறது. கடன் இருக்கிறது என்பது உண்மை. அதோடு வாதாடக் கூடாது. ‘என்னாலதான்’ என்பது முடிவு. இரண்டையும் பிரிக்காமல் ஆதாரக் கட்டத்துக்குப் போனால், உண்மையான பாதி மற்ற பாதிக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லிவிடும்.

பிரித்த பிறகு கடன் சிக்கல் தீர்க்கும் தாளுக்குப் போகிறது: வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்க முடியுமா, கடைசி நாள் எது, யார் போய்க் கேட்பது, எந்தக் கிழமை. ‘என்னாலதான்’ என்பதற்குப் பொறுப்பு வட்டம்: நடந்ததற்கு எதெது எவ்வளவு காரணம் என்று ஒரு வட்டத்தைப் பங்கு போடுவது. கடன் ஏறிய மற்றக் காரணங்களை முதலில் எழுத வேண்டும்: 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், இன்ஜின் செலவு, மகள் பிரசவம், கந்துவட்டி. ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டு முடித்து, மிச்சம்தான் அவர் பங்கு. வரிசையை மாற்றி அவர் பங்கை முதலில் கேட்டால் 90 என்று போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவருக்கு 15 வந்தது. நம்பிக்கை 95இலிருந்து 60. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவேண்டும் என்றும் இல்லை.

இதே மாதிரி, எண்ணம் உண்மையாகவே இருக்கும் கேஸ்களை எழுதுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா

கெடிலக்கரை தம்பி, பொறுப்பு வட்டம் சரி. ஆனா ரெண்டு மாசமா படுத்திருக்கறவங்களுக்கு ஐந்தாம் செஷன்ல எண்ணப் பதிவேடா? முதல்ல உடம்பு எழுந்திரிக்கணும். ஜேக்கப்சன் குழு 1996லயே சிபிடியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. நடத்தை ஊக்கப் பகுதியை (சின்னச் சின்ன வேலையா திட்டம் போட்டுச் செய்ய வைக்கறது) மட்டும் வாங்கினவங்களும், முழு சிபிடி வாங்கினவங்க அளவுக்குத் தேறினாங்க. 2006ல வந்த இன்னொரு ஆய்வுல, கடுமையான மனச்சோர்வுக்கு நடத்தை ஊக்கம் மாத்திரைக்குச் சமமா நின்னுச்சு, எண்ணத்தைப் பிடிச்ச சிகிச்சை பின்தங்கிடுச்சு.

என் மனசுல நிக்கறது மூடின மில்லுல வேலை பார்த்த பெரியவர். ‘நாள் பூரா ஒண்ணுமேயில்ல மேடம்.’ மணிவாரித் தாள்ல (மணிக்கு மணி செஞ்சதை எழுதி மார்க் போடறது) வரிசையா பூஜ்யம். நடுவுல ஒரே ஒரு கட்டம்: மாடியில புறாவுக்கு அரிசி போட்டது, 3. நாங்க பார்க்கறதைப் பார்த்துட்டு, ‘அது தப்பா போட்டுட்டேன்’னு பேனாவை எடுத்து அடிக்கப் போனார். அந்த மூணை அடிக்கவிடாம வெச்சதுதான் அன்னிக்கு சிகிச்சை. மறு வாரம் அதே வேலை காலை 7 மணிக்கு, பேரனோட, தினமும்.

தாள்ல சறுக்கற இடம் ரெண்டு. திருப்திக்கு ஒரு மார்க், செஞ்சு முடிச்சதுக்கு ஒரு மார்க், ரெண்டும் பத்துக்கு. குளிச்சதுக்கு பூஜ்யம் போடுவாங்க, ‘குளிக்கறது ஒரு சாதனையா?’ன்னு. நல்லா இருந்தப்ப எவ்வளவு கஷ்டம்னு பார்க்கக் கூடாது, இன்னிக்கு இருக்கற உடம்புக்கு எவ்வளவு கஷ்டமோ அதுக்குத்தான் மார்க். இன்னொண்ணு, ‘மனசு சரியானா போறேன்’. கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பணும், மனசைப் பார்த்து இல்லை. ‘நடைப்பயிற்சி ஒரு மணி நேரம்’னு எழுதித் தர்றது வீண். செருப்பு மாட்டி கேட் வரைக்கும், அது மூணு நாள். அப்புறம் டீக்கடை. புதுச்சேரி பீச் ரோட்டுல சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தின பிறகு அரை மணி நேரம்ங்கறதெல்லாம் மூணாவது வாரத்துக்கு.

இதைச் செஞ்சா பாதிப் பேருக்கு மாத்திரையே வேண்டாம்.

வில்லியனூரான்

கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். ‘பாதிப் பேருக்கு வேண்டாம்’ என்று பொதுவெளியில் எழுதாதீர்கள், அக்கா. படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள்.

2005இல் அமெரிக்காவில் மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு உள்ள 240 பேரிடம் சிபிடியையும் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 16 வாரத்தில் இரண்டு பக்கமும் 58 சதவீதம் பேர் முன்னேறினார்கள். ஆனால் ஆய்வு நடந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் சிகிச்சையாளர்களுக்கு அனுபவம் குறைவு. அங்கே மாத்திரை முந்திவிட்டது. அதாவது சமம் என்பது கைதேர்ந்தவர் செய்தால். வித்தியாசம் தெரிந்தது அடுத்த வருடத்தில். சிபிடி முடித்துத் தேறியவர்களில் 31 சதவீதம் பேருக்குத் திரும்பியது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47. தேறியபின் நிறுத்தியவர்களில் 76. சிபிடிக்காக வாதாடுவதென்றால் அந்த 31ஐ வைத்து வாதாடுங்கள்.

மாத்திரைக்கு அசையாதவர்களுக்கு சிபிடியைச் சேர்த்துக் கொடுக்கும்போதும் பலன் உண்டு: 2013இல் வந்த பிரிட்டன் ஆய்வில் ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேர் முன்னேறினார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22. இன்னொரு எச்சரிக்கை: சிகிச்சை இன்னும் தொடங்காத காத்திருப்போர் பட்டியலோடு ஒப்பிடும் ஆய்வுகளில் எந்தப் பேச்சு சிகிச்சையும் பிரமாதமாகத் தெரியும்.

கேஸ் கேட்டார்கள், ஒரு வரி: பாகூர் பக்கத்துப் பெண், பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் எழுத்து. ஏழு நாளையும் வரும் வழியில் பஸ்ஸிலேயே எழுதியிருந்தார்.

பண்ருட்டி பலா

அந்த பஸ் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப்பாடத்தை செஷனின் முதல் பத்து நிமிடத்துக்குள் பார்க்காவிட்டால் மூன்றாம் வாரத்தில் அது வராது, வந்தாலும் பஸ்ஸில் எழுதியதாக வரும். மனநிலை விசாரிப்பு, போன வாரத்தோடு இணைப்பு, இன்றைக்கு என்ன பேசலாம் என்ற பட்டியல், வீட்டுப்பாடம், ஒரே ஒரு விஷயம், புது வீட்டுப்பாடம், கருத்துக் கேட்பது. ஐம்பது நிமிடத்தில் இது அடங்க வேண்டும். புலம்பலைக் கேட்டே நாற்பது நிமிடம் போனால் அதற்குப் பெயர் சிபிடி இல்லை.

எழுதத் தெரியாதவர்களுக்குத் தாள் கொடுத்து அவமானப்படுத்தாதீர்கள். முந்திரி உடைக்கும் ஒரு அம்மாவுக்கு இரண்டு டப்பா, புளியங்கொட்டை. எழுந்து ஒரு வேலை செய்தால் இந்த டப்பாவில் ஒன்று, படுத்தே போன மணிக்கு அந்த டப்பாவில் ஒன்று. கொண்டுவந்து மேசையில் கொட்டி அவரே எண்ணினார். போன் வைத்திருப்பவர்களிடம் வாய்ஸ் மெசேஜ் வாங்குங்கள், முப்பது செகண்ட் போதும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: தொடங்கும் முன் தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். குடியைக் கேளுங்கள். தூக்கமே இல்லாமல் சுறுசுறுப்பாக, கண்டபடி செலவழித்த காலம் முன்பு உண்டா என்று வீட்டாரிடம் தனியாகக் கேளுங்கள். இருந்தால் இருமுனைக் கோளாறாக (மனச்சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வருவது) இருக்கலாம், முதலில் மனநல மருத்துவர். பிஎச்கியூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாள்) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுங்கள், அதிகபட்சம் 27. அதில் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. மொத்தம் 9 வந்து, சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய கடைசிக் கேள்விக்கு 2 போட்டிருந்தால் அன்றைக்கு வேறு எந்தத் தாளும் கிடையாது: திட்டம் இருக்கிறதா, வீட்டில் பூச்சி மருந்து இருக்கிறதா, யார் கூட இருப்பார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பூச்சி மருந்து கொல்லையிலேயே இருக்கும். அதை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416ஐ நோயாளி போனில் மட்டுமல்ல, கூட வந்தவர் போனிலும் பதிந்து அனுப்புங்கள்.

லாஸ்பேட்டை அக்கா

வில்லியனூரானுக்கு: ‘பாதிப் பேர்’ங்கறதை எடுத்துக்கறேன், லேசானது மிதமானதுக்கு மட்டும்னு திருத்திப் படிங்க. ஆனா கைதேர்ந்தவர் வேணும்னு சொன்னீங்களே, நடத்தை ஊக்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை. கோவாவுல மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழு, மனநலப் படிப்பு இல்லாத ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு செஷன்தான். 2017ல முடிவு வந்துச்சு: மூணு மாசத்துல 64 சதவீதம் பேர் தேறினாங்க, அது இல்லாதவங்கள்ல 39. ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்சம்மாவே செய்யலாம்.

வில்லியனூரான்

செய்யலாம், மேற்பார்வை இருந்தால். கோவாவில் வாராவாரம் பதிவு செய்த செஷன்களைக் கேட்டு மதிப்பிட்டார்கள். அது இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்பினால் ஆறு மாதத்தில் எல்லாம் அறிவுரையாக மாறிவிடும்.

கெடிலக்கரை

அக்கா, முதல் நான்கு செஷன் மணிவாரித் தாள்தான், எழுதாமல் விட்டுவிட்டேன். பலா ஐயா, புளியங்கொட்டைக்கு ஒரு சந்தேகம்: படுத்த மணிக்கும் கொட்டை போடச் சொன்னால் குற்றவுணர்வு ஏறாதா?

பண்ருட்டி பலா

ஏறும். அதனால் முதல் வாரம் ஒரு டப்பாதான், வேலைக்கு மட்டும். இரண்டாவது டப்பா, முதல் டப்பாவில் நாளுக்கு நாலு கொட்டையாவது விழ ஆரம்பித்த பிறகு.