ஒரே ரூட்டர், இரண்டு வீலேன்: பிள்ளைகள் பக்கம் இண்டர்நெட் வரவில்லை

கேள்வி:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் மையம் நடத்துகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காக நான்கு பழைய கணினிகள் வாங்கிப் போட்டேன். போன வாரம் ஒரு பையன் நெட்வொர்க்கைத் திறந்து, அலுவலகக் கணினியில் இருந்த கட்டணப் பாக்கிப் பட்டியலைப் படித்துவிட்டான். யார் வீட்டில் எத்தனை மாதம் பாக்கி என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது எனக்குப் பெரிய வேதனை.

அதனால் 8 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச் (கணினிகளை இணைக்கும், அமைப்புகளை மாற்றக்கூடிய பெட்டி) வாங்கினேன். போர்ட் 1 ரூட்டர், 2, 3 அலுவலகம், 4 பிரிண்டர், 5 முதல் 8 வரை பிள்ளைகள். அதன் அமைப்புகளில் போர்ட் வீலேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) என்ற பக்கத்தில் 1-4 ஒரு குழு, 5-8 இன்னொரு குழு என்று பிரித்தேன். பிள்ளைகள் பக்கம் இண்டர்நெட் போய்விட்டது, ஐபி (கணினியின் நெட்வொர்க் முகவரி) 169.254 என்று தொடங்குகிறது. போர்ட் 1-ஐ இரண்டாவது குழுவில் சேர்த்தால் முதல் குழுவிலிருந்து கழன்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில் 1:
அக்கா, பிரித்தது சரியாகத்தான் வேலை செய்கிறது. 169.254 வந்தால் ரூட்டரிடமிருந்து ஐபி கிடைக்கவில்லை என்று பொருள். உங்கள் சுவிட்சின் போர்ட் வீலேனில் ஒரு போர்ட் ஒரு குழுவில்தான் இருக்க முடியும். ரூட்டரோ இரண்டு பக்கத்துக்கும் வேண்டும். எம்டியு வீலேன் என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம். அதில் ரூட்டர் போர்ட்டைத் தவிர எதுவும் எதோடும் பேசாது, உங்களால் பிரிண்ட் எடுக்க முடியாமல் போகும்.

802.1க்யூ வீலேன் என்ற வகைக்கு மாறுங்கள், அதில் ஒரு போர்ட் பல வீலேன்களில் இருக்கலாம். வீலேன் 1-இல் எல்லாப் போர்ட்டும் இருக்கட்டும். வீலேன் 10-இல் 1, 2, 3, 4. வீலேன் 20-இல் 1, 5, 6, 7, 8. எல்லாமே அன்டேக், அதாவது வெளியே போகும் தரவில் வீலேன் எண் ஒட்டாமல். ரூட்டரில் எதையும் மாற்ற வேண்டாம்.

கேட்டவர்:
செய்துவிட்டேன் தம்பி. இண்டர்நெட் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் கணினியிலிருந்து அலுவலகக் கணினிக்குப் பிங் (அது பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) இன்னும் போகிறது!

பதில் 2:
பிவிஐடி (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய இயல்பு வீலேன் எண்) மாற்றினீர்களா? அது தனிப் பக்கத்தில் இருக்கும், பலரும் விட்டுவிடுவது அதைத்தான். அன்டேக்காக உள்ளே வரும் தரவு எந்த வீலேனைச் சேர்ந்தது என்று முடிவு செய்வது பிவிஐடி; அது எந்தப் போர்ட் வழியாக வெளியே போகலாம் என்பதைத்தான் உறுப்புப் பட்டியல் சொல்கிறது. இப்போது எல்லாமே 1 என்று இருப்பதால் யாரும் யாரையும் பார்க்கலாம். 2, 3, 4-க்கு 10 போடுங்கள். 5 முதல் 8 வரை 20. போர்ட் 1 மட்டும் 1-ஆகவே இருக்கட்டும்.

கேட்டவர்:
பிங் நின்றுவிட்டது, இண்டர்நெட் இருக்கிறது, பிரிண்டும் வருகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 1:
இன்னும் ஒன்று, அக்கா. ரூட்டரின் வைஃபை போர்ட் 1 வழியாகத்தான் வரும், அதில் சேர்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். பிள்ளைகளின் கைப்பேசிக்கு விருந்தினர் வைஃபை மட்டும் கொடுங்கள். சுவிட்சின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். சுவிட்சின் அமைப்புப் பக்கத்தைப் பிள்ளைகள் கணினியிலிருந்தும் திறக்க முடியும். அப்புறம் அந்தப் பட்டியல் இருக்கும் ஃபோல்டரின் பகிர்வை நிறுத்திவிடுங்கள்.

கேட்டவர்:
ஃபோல்டர் பகிர்வை இப்போதே நிறுத்திவிட்டேன். மற்ற இரண்டையும் இன்று இரவு வகுப்பு முடிந்ததும் செய்கிறேன்.