சாவிக்கூடு மாற்றிய பிறகு கார் ஸ்டார்ட் ஆகி உடனே அணைகிறது, வண்டி ஏற்காட்டில் நிற்கிறது

காபித்தோட்டம்:

வணக்கம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2014 மாடல் பெட்ரோல் கார், சாவி போட்டுத் திருகும் வகை, பட்டனை அமுக்கினால் பிளேடு வெளியே வரும் மடக்குச் சாவி. அதன் பிளாஸ்டிக் கூடு விண்டுபோய் ரொம்ப நாளாக ரப்பர் பேண்ட் சுற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேறு வேலையாக பஸ்ஸில் சேலம் இறங்கியபோது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன், உள்ளே இருந்த பச்சைப் பலகையையும் பிளேடையும் கழற்றிப் புதுக் கூட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கடையிலேயே பட்டனை அமுக்கிக் காட்டினார், குட்டி விளக்கு எரிந்தது, நானும் திருப்தியாக வந்துவிட்டேன்.

மேலே வந்து பார்த்தால் லாக், அன்லாக் எல்லாம் ஜோராக வேலை செய்கிறது. சாவி திரும்புகிறது, இன்ஜின் பிடிக்கிறது, ரெண்டு விநாடியில் பொத்தென்று அணைந்துவிடுகிறது. மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மினுக்குகிறது. சாவிக்குள் புது செல் போட்டுப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. இங்கே இருக்கிற மெக்கானிக் பியூவல் பம்ப் என்கிறார். கம்பெனி சர்வீஸில் கேட்டால் வண்டியை ஏற்றிக் கீழே கொண்டுவாருங்கள், கம்ப்யூட்டர் போட்டுத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். இன்னொரு சாவி கிடையாது, விற்றவர் ஒன்றுதான் கொடுத்தார். பம்ப்பை மாற்றலாமா, வண்டியை ஏற்றலாமா?

ஐந்துரோடு:

தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க தலைவரே. ஆகலைன்னா நியூட்ரலில் விடுங்க, 20 கொண்டை ஊசி வளைவும் தானாக இறங்கி அடிவாரம் வந்துடும், பெட்ரோலும் மிச்சம் :)

சாவிப்பட்டறை:

மேலே சொன்னவர் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார், ஆனால் யாராவது நிஜமாகச் செய்துவிடப் போகிறார்கள் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடவில்லை என்றால் பவர் ஸ்டீயரிங் இருக்காது. பிரேக்குக்கு உதவி செய்கிற வாக்குவமும் சில மிதியிலேயே தீர்ந்துபோகும், அதற்கப்புறம் மிதி கல் மாதிரி இருக்கும். அந்த மலைப்பாதையில் இறங்குகிற காரியமா இது? தள்ளினாலும் புண்ணியமில்லை, எரிபொருளையே கார் நிறுத்திவைத்திருக்கும்போது தள்ளி என்ன ஆகப்போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பம்ப் மேல் கை வைக்க விடாதீர்கள். உங்கள் சாவியில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று சமாசாரங்கள் இருக்கின்றன. பிளேடு பூட்டைத் திருப்புவதற்கு, அது சரியாக இருக்கிறது. பச்சைப் பலகை கதவுக்கு, பட்டனை அமுக்கினால் 433 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும், செல் வேண்டியது அதற்கு மட்டும்தான், அதுவும் சரியாக இருக்கிறது. மூன்றாவது இம்மொபிலைசர் சிப், அதாவது வேறு சாவியில் வண்டி ஓடாமல் தடுக்கிற திருட்டுத் தடுப்புச் சிப். பெரும்பாலும் கறுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று கூடக்குறைய, பிளேடின் அடிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளத்தில் செருகியிருப்பார்கள், சில சாவிகளில் கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும். அதற்கு செல்லே தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் இருக்கிறது, நீங்கள் சாவியைத் திருப்பியதும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும், அதிலேயே சிப்புக்கு உயிர் வந்துவிடும். கார் ஒரு கேள்வி கேட்கும், சிப் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். பதில் வரவில்லையென்றால் இன்ஜினை ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்திவிடும், விளக்கு மினுக்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

ஆகவே என் கணிப்பு, உங்கள் சிப் பழைய கூட்டிலேயே தங்கிவிட்டது. கூடு மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணுக்குத் தெரிகிற பலகையை மட்டும் மாற்றுவார்கள், பள்ளத்தில் ஒட்டியிருக்கிற அந்தக் கறுப்புத் துண்டை பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்வார்கள். கார் பக்கத்தில் நின்றிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், நீங்கள் சாவியை மட்டும் கொண்டுபோனதால் மலை ஏறின பிறகு தெரிகிறது. சில சாவிகளில் சிப் பலகையிலேயே பற்றவைத்திருக்கும், அப்படிப்பட்டதில் இந்தப் பிரச்சினையே வராது. புதுக் கூட்டைப் பிரித்துப் பாருங்கள், பிளேடின் அடியில் காலிப் பள்ளம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே அந்தக் கடைக்கு போன் போடுங்கள். பழைய கூட்டைக் குப்பையில் கொட்டுவதற்குள் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், பத்திரமாகப் பிரிக்கச் சொல்லுங்கள், சுத்தியலால் தட்டினால் சிப் உடைந்துவிடும். அதுவரை ஸ்டார்ட்டரைப் போட்டு உருட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ராத்திரிக் குளிரில் பேட்டரியும் படுத்துவிட்டால் அது வேறு தலைவலி.

மெய்யனூர்:

சாவிப்பட்டறை சொல்வது நூற்றுக்கு நூறு. ஒன்று சேர்க்கிறேன். சிப் கைக்கு வந்ததும் உடனே கூட்டில் வைத்து ஒட்டாதீர்கள். சிப்பைச் சாவியோடு சேர்த்துத் துவாரத்தின் ஓரத்தில் விரலால் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள், ஓடினால் அப்புறம் ஒரு சொட்டு பசை.

கிடைக்கவில்லை என்றால்தான் செலவு. எல்லாச் சாவியும் தொலைந்த கணக்காகிவிடும். ஸ்டீயரிங் அடியில் இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு பேசுகிற சாக்கெட்) கருவியை மாட்டி, காரின் ரகசிய எண்ணான பின் கோடை எடுத்து, புது சிப்பை அறிமுகப்படுத்த வேண்டும். சில வண்டிகளில் இன்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டரான இசிஎம்மையே கழற்றிப் படிக்கவேண்டி வரும். அதற்காக வண்டியைக் கீழே இறக்கத்தான் வேண்டும் என்றில்லை, சேலத்திலிருந்து கருவியோடு மேலே வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் சில கருவிகள் பின் கோடைக் கணக்கிட இன்டர்நெட் கேட்கும், எஸ்டேட் பக்கம் டவர் விட்டுவிட்டு வருமே, வண்டி நிற்கும் இடத்தில் சிக்னல் எப்படி என்று முன்பே பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஆர்சியும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கேட்காதவரிடம் வேலை கொடுக்காதீர்கள், உங்களிடம் கேட்காதவர் நாளைக்கு உங்கள் வண்டிக்குச் சாவி கேட்டு வருகிறவனிடமும் கேட்கமாட்டார்.

காபித்தோட்டம்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பள்ளம் காலியாகத்தான் இருந்தது. கடைக்காரர் முதலில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்றார், அப்புறம் டப்பாவில் தேடிப் பழைய கூட்டை எடுத்து போட்டோ அனுப்பினார், பழைய ரப்பர் பேண்டோடு அப்படியே இருக்கிறது, ஓரத்தில் கறுப்புத் துண்டும் தெரிகிறது. மச்சான் அஸ்தம்பட்டியில் இருக்கிறான், வாங்கி மேலே வருகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். விரலால் பிடித்தே ஸ்டார்ட் பண்ணினேன், ஓடுகிறது, விளக்கும் அணைந்துவிட்டது.

இரண்டாவது சாவி போடுவதென்றால் கம்பெனியில் போடுவதா, வெளியிலா? வெளியில் ஒருவர் குளோன் பண்ணித் தருகிறேன், கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறார், விலையும் பாதிதான்.

சாவிப்பட்டறை:

சந்தோஷம். குளோன் ஏமாற்று வேலை இல்லை. உங்கள் சிப்பைப் படித்து வெற்றுச் சிப்பில் அதே அடையாளத்தை எழுதுவது, காருக்கு இரண்டும் ஒரே சாவியாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதைச் செய்யமாட்டேன். பழைய ஓனரிடம் இன்னொரு சாவி இருந்ததா, அது எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாது. முறையாக ப்ரோகிராம் பண்ணினால் காரின் நினைவில் இருக்கிற பழைய சாவிகளை அழித்துவிட்டு உங்கள் இரண்டை மட்டும் பதியலாம், குளோனில் அது நடக்காது. ப்ரோகிராம் பண்ணும்போது கையில் இருக்கிற சாவியையும் கட்டாயம் கொண்டுபோங்கள், பல வண்டிகளில் புதிதாகப் பதியும்போது பழையது அழிந்துவிடும், இரண்டையும் சேர்த்தே பதிய வேண்டும். கார் பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கணும், எழுதுகிற நேரத்தில் வோல்டேஜ் விழுந்தால் இசிஎம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

அழித்தாலும் பழைய பிளேடு கதவைத் திறக்கும், அதை மறந்துவிடாதீர்கள். வண்டியை ஓட்ட முடியாது, உள்ளே இருக்கிற பொருளை எடுக்க முடியும்.

கம்பெனியா வெளியிலா என்றால், சாவி எண் பொறித்த சின்ன டேக் உங்களிடம் இருந்தால் கம்பெனியிலேயே போடலாம், எண்ணை வைத்தே பிளேடு வெட்டிவிடுவார்கள். அந்த டேக்கை போட்டோ எடுத்து இங்கே யாரும் போடவேண்டாம், போன மாதம் ஒருவர் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி போட்டிருந்தார்! டேக் இல்லையென்றால் இருக்கிற சாவியைப் பார்த்து வெட்டுகிற நல்ல கடை போதும். விலையை சிப், பிளேடு, ரிமோட், ப்ரோகிராமிங் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரிமோட் வேண்டாம், சிப்போடு வெறும் சாவி போதும் என்றால் நன்றாகக் குறையும், வீட்டில் வைக்கிற சாவிக்கு ரிமோட் எதற்கு?

மெய்யனூர்:

இன்சூரன்ஸையும் பாருங்கள். வண்டி திருடு போய் கிளெய்ம் போட்டால் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்றுதான் வந்தது என்றால் விற்றவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிவையுங்கள், இப்போது கேட்டால் கொடுப்பார். சாவி தொலைந்தால் பணம் தருகிற ஆட்-ஆன் கூட உண்டு, அடுத்த ரின்யூவலில் விசாரியுங்கள்.

காபித்தோட்டம்:

விற்றவர் ஆத்தூர்க்காரர், போன் எடுத்தார், கடிதம் தருகிறேன் என்றார். டேக் அவர் வீட்டு பீரோவில் இருக்கலாமாம், தேடிச் சொல்கிறாராம். இரண்டாவது சாவி வெளியிலேயே போடப்போகிறேன், ரிமோட் இல்லாமல், பழசை அழித்துத்தான். பியூவல் பம்ப் மெக்கானிக்கிடம் சிப்பைக் காட்டினேன், இதெல்லாம் எனக்கும் தெரியும் என்றார்.