ஸ்டீம் ராடுல தண்ணி பீச்சுது, இடது குரூப்ல தண்ணி வர மாட்டேங்குது: டீஸ்கேல் (உப்புப் படிவு எடுக்கறது) பண்ணிரலாமா?

சரவணம்பட்டி காபிக்காரன்:
வணக்கங்க. கோயமுத்தூர்ல சின்னதா ஒரு கஃபே. எஸ்பிரெஸோ மெஷின், 2 குரூப் (காபி இறங்கற தலை), ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை, 11 லிட்டர் பாய்லர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ரெண்டு தொல்லைங்க.

ஒண்ணு, ஸ்டீம் ராடைத் திறந்தா மொதல்ல கொதிதண்ணி பீச்சி அடிக்குது, அப்புறம்தான் ஆவி வருது. அதுவும் ஈரமா. பால்ல நுரை நிக்கறதில்ல. ரெண்டு, இடது குரூப்ல தண்ணி நூல் மாதிரிதான் வருது, வலது குரூப் நல்லா இருக்கு. ஸ்டீம் பிரஷர் 1.1 பார், பம்ப் 9 பார் காட்டுது.

முன்னாடி போர் தண்ணிய சாஃப்ட்னர் வழியா விட்டோம். டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) மீட்டர்ல சாஃப்ட்னருக்கு முன்னாலயும் 900, பின்னாலயும் 900. அது வேலையே செய்யலன்னு தூக்கிட்டு போன மாசம் ஆர்ஓ போட்டோம். இப்ப டிடிஎஸ் 12. பழைய உப்புதான் உள்ள பிடிச்சிருக்கும், சிட்ரிக் ஆசிட் ஊத்தி பாய்லரைக் கொதிக்க விட்டா சரியாயிரும்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றாரு. எத்தனை கிராம் போடணும்னு யாராவது சொல்லுங்க.

மயிலாப்பூர் டிகாக்ஷன்:
ப்ரோ, வினிகர் ட்ரை பண்ணுங்க. எங்க வீட்டு கெட்டில்ல அதான் ஊத்துவேன், பளபளன்னு ஆயிடும்.

குரூப்ஹெட் மெக்கானிக்:
கெட்டிலும் இதுவும் ஒண்ணு இல்ல தம்பி. கெட்டில்ல அழுத்தம் கிடையாது, மூடியத் திறந்தா அடி வரைக்கும் தெரியும். இது 1.1 பார்ல மூடிக் கிடக்கற பாய்லர், உள்ள தண்ணி சுமார் 120 டிகிரி. அதுல ஆசிடை ஊத்திக் கொதிக்க விட்டா, ஸ்டீம் ராடு வழியா மூஞ்சில பீச்சப்போறது ஆசிட் கலந்த கொதிதண்ணி. காபிக்காரரே, தயவுசெஞ்சு இன்னிக்கு எதையும் ஊத்தாதீங்க.

நீங்க சொல்றது ரெண்டும் தனித்தனி வியாதி. ஒரே மருந்து ஊத்தினா ரெண்டும் போகாது.

மொதல்ல ஸ்டீம். ஆவி ஈரமா வருதுன்னா பாய்லர்ல தண்ணி அளவுக்கு மேல ஏறியிருக்கு. முன்பக்கம் கண்ணாடிக் குழாய் இருந்தா பாருங்க, பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கணும். உச்சியில இருந்தா நான் நினைக்கறது சரி.

தண்ணி மட்டத்தைக் கண்காணிக்கறது உள்ள தொங்கற ஒரு கம்பி. தண்ணி அதைத் தொட்டா ரொம்பச் சின்ன கரண்ட் பாயும், போர்டு ‘போதும்’னு வால்வை மூடும். இப்ப நீங்க விடறது 12 டிடிஎஸ் தண்ணி. அதுல உப்பே இல்லாததால கரண்ட் சரியாப் பாயாது. கம்பி முழுகினாலும் போர்டுக்குத் தெரியாம அது நிரப்பிக்கிட்டே இருக்கும். கம்பியில உப்பு ஓடு கட்டினாலும் இதே கதைதான். உங்க கேஸ்ல பழைய உப்பும் புதுத் தண்ணியும் சேர்ந்தே விளையாடலாம்.

உறுதி பண்ண ஒரு சோதனை. கடை மூடினதும் வெந்நீர்க் குழாயத் திறந்து கண்ணாடில பாதி மட்டம் வர்ற வரைக்கும் வடிங்க. மெஷினை அணைச்சு, எம்சிபி சுவிட்சையும் இறக்குங்க. ஸ்டீம் ராடைத் திறந்து கேஜ் 0 காட்டற வரைக்கும் விடுங்க. நல்லா ஆறினப்புறம் மட்டத்துல மார்க்கர்ல ஒரு கோடு. தண்ணி லைனை மட்டும் மூட வேண்டாம். காலைல மட்டம் ஏறியிருந்தா பாய்லரை நிரப்பற சொலினாய்டு (கரண்ட்ல திறந்து மூடற) வால்வு கசியலாம். கோட்டுலயே நின்னு, பகல்ல காபி இறக்கறப்ப மட்டும் ஏறினா பம்ப் அழுத்தத்துல அதே வால்வோ உள்ள இருக்கற ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயோ ஒழுகலாம், அப்ப ஆளைக் கூப்பிடுங்க. ரெண்டும் இல்லன்னா கம்பி, இல்ல தண்ணி.

வேதியியல் வாத்தியார்:
சாஃப்ட்னர் மீது விழுந்த பழி நியாயமில்லை. அது கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. உப்பின் வகை மாறுகிறதே தவிர மொத்த அளவு குறைவதில்லை. ஆகவே டிடிஎஸ் மீட்டரில் வித்தியாசம் தெரியாது. கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மக்னீசியத்தின் அளவை, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுச் சோதிக்கும் கிட்டில்தான் பார்க்க வேண்டும். மெஷினில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதற்குக் காரணம் கடினத்தன்மைதான். ஆனால் சாஃப்ட்னர் குளோரைடைத் தொடுவதே இல்லை. குளோரைடு மிகுந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும்.

சிட்ரிக் அமிலத்தைப் பற்றி ஒன்று. கரைசல் கெட்டியாகவும் சூடாகவும் இருந்தால் கால்சியம் சிட்ரேட் உருவாகிப் படியும். அது சூட்டில் கரைவதும் குறைவு. ஒரு படிவை எடுக்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்வீர்கள்.

டவுன்ஹால் டீ மாஸ்டர்:
பாத்ரூம் ஆசிடைத் தண்ணில கலந்து ஒரு தடவை விட்டுப் பாருங்கண்ணா, உப்பு நுரைச்சுக்கிட்டுக் கழண்டுரும். பாய்லர் டிரம்முக்கு நாங்க அதான்.

குரூப்ஹெட் மெக்கானிக்:
வேணவே வேணாம் மாஸ்டர். அது ஹைட்ரோகுளோரிக். ஸ்டீலை அரிக்கும், பித்தளைய அரிக்கும், குரூப் மேல இருக்கற குரோம் உரிஞ்சு வரும். போதாக்குறைக்கு அதே வாளியில பிளீச்சிங் பவுடர் ஒட்டியிருந்தா குளோரின் வாயு கிளம்பும், சின்னக் கடைக்குள்ள மூச்சு முட்டிரும். ஆசிட் விட்ட மெஷின்ல வெந்நீர் நீலம் பாரிச்சு வந்தா செம்பு கரையுதுன்னு அர்த்தம். அந்தத் தண்ணில ஒரு கப் கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இப்ப இடது குரூப். கீழ இருக்கற ஜல்லடைத் தட்டை ஸ்க்ரூ கழட்டி எடுங்க. பல கடையில இதையே கழட்டறதில்ல. உள்ள கருப்பா பிசுக்கு அப்பியிருக்கும். அது காபி எண்ணெய், உப்பு இல்ல. அதுக்கு ஆசிட் வேலை செய்யாது, குரூப் கிளீனர் பவுடர்தான். தட்டையும் உள்ளிருக்கற பித்தளைத் துண்டையும் வெந்நீர்ல பவுடர் போட்டு ஊற வைங்க. மாட்டினப்புறம் பிளைண்ட் பாஸ்கெட்ல (ஓட்டை இல்லாத வடிகட்டி) அரை டீஸ்பூன் பவுடர் போட்டு, 10 செகண்ட் ஓட்டி 10 செகண்ட் நிறுத்தி, அஞ்சு தடவை பேக்ஃப்ளஷ் (தண்ணிய எதிர்ப்பக்கம் தள்ளிக் கழுவறது). அப்புறம் பவுடர் இல்லாம அதே மாதிரி, நுரை நிக்கற வரைக்கும். நிறுத்தறப்ப வடிகால் பக்கம் சுடுதண்ணி வேகமா அடிக்கும், கை வெக்காதீங்க.

அப்புறம் போர்ட்டாஃபில்டர் (காபித்தூள் போடற கைப்பிடி) மாட்டாம ரெண்டு குரூப்லயும் 10 செகண்ட் தண்ணி பிடிச்சு அளந்து பாருங்க. இடது இன்னும் குறைஞ்சா, ஜெட் அடைச்சிருக்கு. குண்டூசி முனை அளவு ஓட்டைதான் அது, நிறைய மெஷின்ல 0.6லேர்ந்து 0.8 மில்லிமீட்டர். பாய்லர்ல டீஸ்கேல் பண்ணினா இந்த ஜெட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷின்ல காபித் தண்ணி தனிக் குழாய்ல போகுது, பாய்லர் தண்ணியோட கலக்கறதே இல்ல. ஜெட்டைக் கழட்டி, லிட்டருக்கு 20–30 கிராம் சிட்ரிக் போட்ட தண்ணில தனியா ஊற வைங்க. ஊசி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசானா ரெண்டு குரூப்பும் ரெண்டு ருசி. கழட்டறப்ப மெஷின் குளிர்ந்து, கேஜ் 0ல இருக்கணும். தண்ணி லைனையும் மூடிருங்க.

சரவணம்பட்டி காபிக்காரன்:
ரொம்ப நன்றிங்ணா. ராத்திரி சோதனை பண்ணினேன், மட்டம் ஏறல. பகல்ல காபி இறக்கறப்ப மட்டும் ஏறுதுன்னும் இல்ல. அப்ப கம்பியோ தண்ணியோதான். ஜெட்டுல வெள்ளையா ஒரு துணுக்கு உக்காந்திருந்துது, ஊற வெச்சதும் போயிருச்சு. இப்ப ரெண்டு குரூப்பும் சமமா வருது. ஆர்ஓல டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கு, அதைத் திறந்து போர் தண்ணி கொஞ்சம் கலக்கலாங்களா? போரோட கடினத்தன்மை கிட்டுல 480 வந்துச்சு.

வேதியியல் வாத்தியார்:
கலக்கலாம். 85 பங்கு ஆர்ஓ, 15 பங்கு போர் என்றால் டிடிஎஸ் சுமார் 145, கடினத்தன்மை 70 சொச்சம் வரும். ஸ்பெஷாலிட்டி காபி சங்கத்தார் டிடிஎஸ்ஸுக்குச் சொல்லும் இலக்கு 150, எல்லை 75 முதல் 250. காபியின் சுவைக்கும் அது நல்லது, 12 டிடிஎஸ் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். திருகுவதற்கு முன்னால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் போர் தண்ணீரைக் கொடுத்துக் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் போரைக் கலக்காமல், ஆர்ஓவுக்குப் பின்னால் மினரல் கார்ட்ரிட்ஜ் போடுவதே மேல். கலந்தாலும் அது கார்பன் ஃபில்டர், யுவி இரண்டையும் தாண்டித்தான் வரவேண்டும்.

குரூப்ஹெட் மெக்கானிக்:
மழைக்கு முன்னாடி ஒரு தண்ணி, பின்னாடி ஒரு தண்ணின்னு போர் மாறும். அதனால கிட்டை வெச்சு மாசம் ஒரு தடவை பாருங்க. சிறுவாணி லைன் வர்ற ஏரியாக்காரங்க குடுத்து வெச்சவங்க.

தண்ணிய மாத்தியும் ஆவி ஈரமாவே இருந்தா கம்பியைக் கழட்டித் தேய்க்கணும். அது கரண்ட் வேலை, ஆளை விட்டுச் செய்ங்க. பாய்லர் உள்ள எவ்வளவு உப்பு இருக்குன்னும் அப்பவே எட்டிப் பார்த்துருவாரு. கனமா இருந்தா பாய்லரை இறக்கி ஒர்க்‌ஷாப்புல கழுவறதுதான் முறை. இடத்துல வெச்சே ஆசிட் விட்டா கழண்ட செதில் சொலினாய்டுலயும் வால்வுலயும் போய் உக்காரும், நேத்து ஓடின மெஷின் நாளைக்கு ஓடாது. வர்றவர்கிட்ட சேஃப்டி வால்வையும் சோதிக்கச் சொல்லுங்க. சொட்டுதுன்னு அதை இறுக்கி அடைச்சு வெச்ச மெஷின் எல்லாம் நான் பார்த்திருக்கேன், அது பாம். 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கற சுவிட்ச்) இல்லாத லைன்ல மெஷின் ஓடுதுன்னா அதை மொதல்ல மாட்டுங்க.

மயிலாப்பூர் டிகாக்ஷன்:
அப்போ வீட்ல இருக்கற சின்ன எஸ்பிரெஸோ மெஷினுக்கும் வினிகர் வேண்டாமா சார்?

குரூப்ஹெட் மெக்கானிக்:
வேணாம். வாசனை போகவே போகாது, ரப்பர் வாஷரும் கெடும். உள்ள அலுமினியமா ஸ்டீலான்னு மேனுவல்ல பாருங்க, அலுமினியத்துக்கு ஆசிட் ஆகாது. அவங்க சொல்ற டீஸ்கேலரை அவங்க சொல்ற அளவுல விட்டு, டேங்க் நிறைய நல்ல தண்ணி ரெண்டு மூணு தடவை ஓட்டிருங்க.