டாஷண்டுக்குப் பின்னங்கால் பின்னுகிறது: எம்ஆர்ஐ எடுக்கத்தான் வேண்டுமா?

மணியின் அப்பா கேட்கிறார்:

எங்கள் நாய் மணிக்கு ஐந்து வயது, டாஷண்ட் இனம். நான்கு நாளாக சோபாவில் ஏறாமல் கீழேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கினால் வீலென்று கத்தினான். வயிறு கல் மாதிரி இறுகியிருந்ததால் வயிற்றுவலி என்று நினைத்துவிட்டேன். நேற்றிலிருந்து பின்னங்கால்கள் பின்னிக்கொள்கின்றன. பாதத்தை மடக்கி வைத்தால் திருப்பி ஊன்றாமல் அப்படியே நிற்கிறான். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, விலகியிருக்கலாம், உறுதி செய்ய எம்ஆர்ஐ ஸ்கேன் வேண்டும் என்கிறார். எக்ஸ்ரேயில் தெரியாதா? ஓய்வு கொடுத்தால் போதாதா?

குட்டியின் அம்மா:

எங்கள் குட்டிக்கும் இதேதான், ஆறு வயதில். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. இரண்டு எலும்புக்கு நடுவே இடைவெளி குறுகியிருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். எந்த டிஸ்க், எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்துகிறது என்பதை எம்ஆர்ஐ மாதிரி ஸ்கேன்தான் சொல்லும். அறுவை செய்வதென்றால் அது தெரியாமல் கத்தி வைக்க முடியாது. டாஷண்டுக்கு டிஸ்க்கின் நடுவில் கொழகொழவென்று இருக்க வேண்டிய பகுதி சின்ன வயதிலேயே காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடுகிறது. அது ஒரு நாள் உறையைக் கிழித்துக்கொண்டு தண்டுவடத்தின் மேல் போய் விழுகிறது. நீங்கள் எதுவும் தப்பாகச் செய்துவிடவில்லை.

மணி இன்னும் நடக்கிறான் என்பது பெரிய விஷயம். இந்த நிலையில் ஓய்வும் மருந்தும் கொடுத்துப் பார்ப்பது உண்டு. ஆனால் எழுந்து நிற்க முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன். மறுநாள் குட்டிக்கு இரண்டு பின்னங்காலும் அசையவில்லை.

அன்று மருத்துவர் அவள் கால்விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. உணர்வு இருக்கிறதே என்று நான் அழுதே விட்டேன். “காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்” என்றார். காலை இழுப்பது வெறும் அனிச்சை, மூளைக்குச் செய்தி போகாமலே நடக்கும். நாய் திரும்ப வேண்டும், கத்த வேண்டும், கடிக்கவாவது வர வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். குட்டி மெதுவாகத் தலையைத் திருப்பி அவர் கையை முறைத்தாள். அந்த வலி உணர்வு இருந்தால் அறுவைக்குப் பிறகு பத்தில் ஒன்பது நாய்கள் நடந்துவிடுகின்றன. இல்லையென்றால் ஏறக்குறைய பாதிதான்.

அறுவையைவிட அதற்குப் பின் வந்த நாட்கள்தான் கஷ்டம். மூத்திரப்பையை நாங்களே அமுக்கிக் காலி செய்தோம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. துளித்துளியாகச் சொட்டினால் தானாகப் போகிறது என்று நினைக்காதீர்கள். அது நிரம்பி வழிவது. பன்னிரண்டாம் நாள், தண்ணீர்க் கிண்ணத்துக்காக எழுந்து நின்றாள். மூன்று விநாடி இருக்கும்.

பப்புவின் அண்ணன்:

எங்கள் பப்பு அறுவை இல்லாமலே தேறினான். ஆனால் ஓய்வு என்றால் கூண்டு ஓய்வு, குறைந்தது நான்கு வாரம். வெளிக்குப் போக மட்டும் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஐந்தாம் நாளே மாத்திரையில் வலி போய்த் துள்ள ஆரம்பித்தான். பாவம் என்று திறந்துவிட்டோம். அன்று சாயங்காலமே பழையபடி ஆகி, முதலிலிருந்து எண்ணினோம். வலி குறைந்தால் டிஸ்க் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. அப்புறம், வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள், வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு மார்புப்பட்டை போடுங்கள்.

மணியின் அப்பா:

சரி, சோபாவையே அறையிலிருந்து எடுத்துவிட்டோம். மருத்துவரிடம் கேட்டு விரலை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மணி திரும்பி என்னைத்தான் கடிக்க வந்தான். கூண்டில் விட்டுப் பார்க்கலாம், கால் இன்னும் மோசமானால் உடனே எம்ஆர்ஐ என்று முடிவு செய்திருக்கிறோம். இப்போது தூங்குகிறான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுப்பி நிற்கிறானா என்று பார்க்கிறேன்.