ஈட்-26 தமிழாக்கம்: "சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கிறேன்" என்ற கேள்வியில் சிக்கல்

ஊட்டி_செவிலி:

வணக்கம். எம்.எஸ்சி. மனநலச் செவிலியம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். உணவுக் கோளாறு அறிகுறிகளைக் கண்டறியும் ஈட்-26 கேள்வித்தாளைத் தமிழாக்கி, ஊட்டியில் ஒரு விடுதி மாணவியரிடம் சரிபார்ப்பதுதான் என் தீசிஸ். அனுமதி, எத்திக்ஸ் கமிட்டி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளைகளின் சம்மதம் எல்லாம் வாங்கியாயிற்று. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கினோம். உட்கார்ந்து பேசி ஒன்றாக்கினோம். மூலத்தைப் பார்க்காத ஓர் ஆசிரியை அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். மூலத்தோடு நன்றாகவே ஒத்துப்போனது.

போன வாரம் 12 பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பிள்ளை "சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கிறேன்" என்பதற்கு "அடிக்கடி" என்று டிக் போட்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு மசினகுடி பக்கம் ஊர். "கல்லட்டி ரோட்டில் வரும்போதெல்லாம் வந்துடும் அக்கா" என்றாள். 36 கொண்டை ஊசி வளைவு, வராமல் என்ன செய்யும்? அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த உண்மையான பதில் அதுதான்.

அப்புறம் மற்றவற்றையும் கேட்க ஆரம்பித்தேன். "உணவைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறேன்" என்பதற்கு மூன்று பேர் "காய் நறுக்குறதா அக்கா?" என்றார்கள். "நான் இன்னும் அதிகம் சாப்பிட்டால் நல்லது என்று மற்றவர்கள் நினைப்பதாக உணர்கிறேன்" என்பதற்கு 10 பேர் "எப்போதும்". எந்த வீட்டில் அம்மாவும் பாட்டியும் இன்னொரு கரண்டி வைக்காமல் விடுகிறார்கள்? அந்த ஒரு கேள்விக்கே ஆளுக்கு 3 மதிப்பெண் ஏறிவிடுகிறது.

திரும்ப மொழிபெயர்த்தது சரியாக இருப்பதால் இனி ஒரு வார்த்தையையும் தொடக்கூடாது என்கிறார் என் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த நிலையில் 260 பேரிடம் கொடுக்கலாமா?

கோவை_உளவியல்:

கொடுக்காதீர்கள், தங்கச்சி. வார்த்தை தப்பியிருந்தால் திரும்ப மொழிபெயர்ப்பது காட்டிக்கொடுக்கும். கடைசிக் கேள்வியில் வரும் "ரிச்" உணவைச் "சத்தான" என்று போட்டிருந்தால் அங்கே பிடிபடும், ஏனென்றால் அது நெய்யும் க்ரீமும் நிறைந்த உணவைக் குறிக்கிறது. (அந்தக் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் தலைகீழ், மறந்துவிட வேண்டாம்.) ஆனால் துண்டாக வெட்டுவதைப் பாருங்கள். வார்த்தை அப்படியே போய் அப்படியே திரும்பி வந்திருக்கும். கையால் பிசைந்து சாப்பிடும் பிள்ளைக்கு அது அடுப்படி வேலையாகத் தெரிவது அந்தத் தாளில் எங்கேயும் தெரியாது. நான் என்றால் "இட்லியையோ சப்பாத்தியையோ ரொம்பச் சின்னதாகப் பிட்டுப் பிட்டுச் சாப்பிடுகிறேன்" என்று வைத்துப் பார்ப்பேன்.

இது புதிய சிக்கலும் இல்லை. வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் ஈட் கேள்வித்தாளைக் கொடுத்து கிங், பூக்ரா இருவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்விலும், சில கேள்விகள் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளப்பட்டது மதிப்பெண் ஏறியதற்கு ஒரு காரணம். கைடிடம் இதைக் காட்டுங்கள். முன்சோதனைக்கு 30 முதல் 40 பேர் என்பது பொதுவான வழக்கம். ஒவ்வொரு பிள்ளையிடமும் "இதைப் படித்ததும் எது ஞாபகம் வந்தது?" என்று கேட்டு, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். வாந்திக் கேள்வியில் வாக்கியத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் "பஸ் பயணம், காய்ச்சல் தவிர" என்று ஒரு குறிப்பு போதும். ஏன் சேர்த்தீர்கள் என்பதைப் பதிவு செய்து, நிபுணர் குழுவில் வைத்து, மூலக் கேள்வித்தாளின் உரிமையாளருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

கூடலூர்_டீச்சர்:

கேள்விகளை விட விடைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எப்போதும் 3, வழக்கமாக 2, அடிக்கடி 1, மற்ற மூன்றுக்கும் பூஜ்யம். என் வகுப்புப் பிள்ளைகளிடம் "வழக்கமாக", "அடிக்கடி" இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் பாதிப் பேர் மாற்றிச் சொல்வார்கள். ஆறு சொற்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்து, குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்கச் சொல்லிப் பாருங்கள் மேடம். அடுக்கு பிசகினால் மொத்த மதிப்பெண்ணுக்கும் பொருள் இல்லை.

இன்னொன்று. இங்கே ஒரு பிள்ளை வீட்டில் படுகு பேசுகிறாள், இன்னொருத்தி மலையாளம். தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பசித்தாலும் சாப்பிடுவதைத் தவிர்க்கிறேன் என்ற கேள்வியையும் கவனியுங்கள். பசி இருந்தும் சாப்பிடாமல் இருப்பதற்குச் சஷ்டி இருக்கிறது, வெள்ளிக்கிழமை இருக்கிறது, ரம்ஜான் நோன்பு இருக்கிறது, பிடிக்காத உப்புமாவும் இருக்கிறது.

ஊட்டி_செவிலி:

சீட்டு அடுக்க வைத்தேன் டீச்சர். 12 பேரில் 5 பேர் மாற்றித்தான் வைத்தார்கள். "வழக்கமாக" என்பதை எடுத்துவிட்டு "பெரும்பாலும்" என்று போட்டதும் எல்லாரும் சரியாக அடுக்கினார்கள்.

கோவை சார், மொத்தம் 20 வந்தால் கோளாறு இருக்கலாம் என்று கொள்ளும் கட்-ஆஃபை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கோவை_உளவியல்:

வேண்டாம். அது 1982-இல் வேறொரு நாட்டுப் பெண்களை வைத்து வந்த எண். க்ரான்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் எண், போதும் என்று கொள்ளப்படும் 0.7-ஐத் தாண்டினாலும் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டாலும் ஆல்ஃபா நன்றாகவே வரும். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் மறுபடி கொடுங்கள். முக்கியமாக, மதிப்பெண் தெரியாத ஒரு மனநல மருத்துவர் சிலரை நேர்காணல் செய்ய வேண்டும். அதிகம் வந்தவர்களை மட்டும் அனுப்பாமல், குறைவாக வந்தவர்களிலும் சிலரை அனுப்புங்கள்.

ஒரு கணக்குக்கு, 100 பேரில் 2 பேருக்கு உண்மையில் கோளாறு என்று வையுங்கள். கோளாறு உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் 90 சதவீதம் பேரைக் கேள்வித்தாள் சரியாகச் சொன்னாலும், இல்லாத 98 பேரில் சுமார் 10 பேரை அது தேவையில்லாமல் பிடிக்கும். அதனால் 20-ஐத் தாண்டிய பிள்ளையிடம் "உனக்கு நோய்" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. வார்டனிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஊட்டி_செவிலி:

பேசிவிட்டேன் சார். மதிப்பெண் தாள் என் பீரோவில்தான் இருக்கும். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416-ஐ விடுதிப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். 1989 ஆய்வைப் படித்த பிறகு, இன்னும் 25 பேரிடம் பேசிப் பார்க்கக் கைடும் சம்மதித்துவிட்டார்.

குறைவாக வந்தவர்களையும் பார்க்கச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. 9 மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளையிடம் "எது ஞாபகம் வந்தது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாட்டைத் தோழியின் தட்டுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னாள். மற்றதை இங்கே எழுதமாட்டேன். டாக்டரைப் பார்க்க அவளே சம்மதித்தாள், வீட்டிலும் பேசிவிட்டோம். திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன்.